பொட்டு வைத்த ஐ.சி.

மூடியிருக்கிற எதையும் அந்த அக்காவால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மரக்காணத்தில் நான் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குள் அவர் முதல்முதலாக வந்தபோது நான் டார்க்ரூமில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து பார்த்தால், என் லைட் மீட்டரின் பின்பக்க ஸ்க்ரூ நான்கும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. மீட்டர் குடல் தெரியக் கிடந்தது.

"என்னக்கா இது?"

"இதை நம்பித்தானே படம் எடுக்கிற? உள்ள என்ன இருக்குன்னு எப்பவாச்சும் பார்த்தியா?"

"அதான் நல்லா வேலை செய்யுதே."

"என் தம்பியும் அப்படித்தான் சொன்னான்" என்றார். பிறகு நான்கு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகத் திருகி மூடினார். மீட்டர் முன்னைவிட நன்றாகவே வேலை செய்தது.

அவரை நான் அதற்கு முன் ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். அது அவருடைய தம்பி சூசையின் அடக்கத்தன்று. பெங்களூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து சேர்வதற்குள் சவப்பெட்டியை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். மாதா கோயிலுக்குத் தூக்க ஆள் நின்றது. அவர் அழவில்லை. "திறங்க" என்றார். பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். "திறங்க" என்றார் மறுபடியும். திறந்தார்கள். தம்பியின் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் கரிந்த கோடு ஒன்று இருந்தது. அப்புறம் குனிந்து அவன் வாயை முகர்ந்தார்.

"சாராய வாடை இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

அப்படி அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சூசை உப்பளத்தில் பம்ப் ஓட்டுகிறவன். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஈரக் கையால் தொட்டிருக்கிறான். மோட்டாரில் கரண்ட் கசிந்திருக்கிறது. அப்படிக் கசிந்தால் கண் இமைப்பதற்குள் மெயினை அறுத்துவிட வேண்டும் என்பதற்காகவே கம்பத்தில் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. எங்கள் பக்கம் அதை 'ஷாக் பெட்டி' என்போம். அந்த வருஷம் ஏறக்குறைய எல்லா உப்பளத்திலும் அதை மாட்டியிருந்தார்கள். சூசை விழுந்த பிறகும் அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பெட்டியைச் செய்து விற்றவன் பெரிய முதலியார்சாவடியில் பட்டறை வைத்திருந்தான். இன்ஜினியர் சார் என்று அன்று எல்லோரும் கூப்பிட்டோம், நானும் கூப்பிட்டேன். இப்போது 'அவன்' என்று எழுதுகிறேன். வேண்டுமென்றேதான். சேதி கேட்டு அவன் ஜீப்பில் வந்தான். பெட்டியில் இருந்த சிவப்புப் பட்டனை எல்லோர் முன்னாலும் அமுக்கினான். 'டக்' என்று மெயின் விழுந்தது. "பெட்டி நல்லாத்தான் இருக்குது. பையன் குடிச்சிருந்தான், கிட்ட போனாலே வாய் நாறுது" என்று போலீசிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இறந்தவனின் கையைப் போலீசுக்காகப் படம் எடுத்தவன் நான். அந்தப் படத்துக்கு ஒரு காப்பி கேட்டுத்தான் அக்கா ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்.

என் ஷோகேஸில் அப்போது வேறொரு படமும் இருந்தது. முதல் ஷாக் பெட்டியை மாட்டியபோது மாலையும் கழுத்துமாக இன்ஜினியர் சிரித்துக்கொண்டு நின்ற படம். எடுத்தவனும் நான்தான். அக்கா அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவசரமாக எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும். மூஞ்சி மறந்துடக் கூடாது" என்றார்.

ஊரில் வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் வைத்த பெயர் 'போட்டோ'.

சூசையைக் கொன்ற பெட்டியை உப்பள மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாதபடி இன்ஜினியர் அதைத் தார் ஊற்றி அடைத்திருந்தான். "வெளிநாட்டு டெக்னிக், திறந்தா கெட்டுடும்" என்று சொல்லித்தான் விற்றிருந்தான். அக்கா அதை ஒரு தகர டின்னில் போட்டு, முங்கும்வரை மண்ணெண்ணெய் ஊற்றி, என் ஸ்டுடியோவின் பின்கட்டில் நான்கு நாள் ஊறவைத்தார். தினமும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டுவார். அவசரமே கிடையாது. ஐந்தாம் நாள் உள்ளே இருந்த வயர்கள் தெரிந்தன.

"போட்டோ, இங்க வா. இந்தச் சிவப்புப் பட்டன்லேருந்து வயர் எங்க போவுதுன்னு விரல் வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். பட்டனிலிருந்து வயர் நேராக மெயினை அறுக்கிற ரிலேவுக்குப் போனது. நடுவில் எதையும் தொடவில்லை.

"கசிவைக் கண்டுபிடிக்கிறது இந்த ஐ.சி." என்று, சட்டைப் பட்டன் அளவில் எட்டுக் கால்களோடு இருந்த ஒரு சின்ன வெள்ளி டப்பாவைக் காட்டினார். "பட்டனை அமுக்கினா இது வேலை செய்யுதான்னு தெரியணும். இது செத்துக் கிடந்தாலும் 'டக்'னு சத்தம் மட்டும் வர்ற மாதிரி வெச்சிருக்கான். தெரிஞ்சேதான் வெச்சிருக்கான்."

பெட்டி பொய் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு போலீசுக்குப் போயிருப்பார்கள். அவருக்கு அது போதவில்லை. ஐ.சி.யும் மூடித்தானே இருந்தது.

நகை வேலை செய்கிறவரிடம் ஒரு மெல்லிய அரம் வாங்கி வந்து, டப்பாவின் விளிம்பை ஒரு பகல் முழுக்க ராவினார். மூடி தனியே வந்தபோது உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் மினுங்கியது. அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் கால்களுக்குப் போயின. கன்னியர் பள்ளிக்கூடத்தில் கேட்டு மைக்ராஸ்கோப் கொண்டுவந்தார். பாக்டீரியா பார்ப்பதற்குக் கீழேயிருந்து வெளிச்சம் விடுவார்கள். இதில் வெளிச்சம் ஊடுருவாது. நான் இரண்டு டார்ச்சைப் பக்கவாட்டில் கட்டி, கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, மைக்ராஸ்கோப்பின் கண்ணில் கேமராவைப் பொருத்தினேன். மூன்று ரோல் வீணானது. நான்காவது ரோலில் விழுந்தது.

அந்தக் கடுகை நான் ஒரு பெட்ஷீட் அளவுக்குப் பெரிதாக்கினேன். பன்னிரண்டு தாள்களில் துண்டு துண்டாகப் பிரிண்ட் போட்டு, ஸ்டுடியோவில் மலையும் ஏரியும் வரைந்திருந்த திரைமேல் ஒட்டினோம். எனக்கு அது மேலேயிருந்து பார்க்கிற உப்பளம் மாதிரியே இருந்தது. பாத்திகள், வரப்புகள், வாய்க்கால்கள். அக்கா சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் எடுத்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்தார். இது டிரான்சிஸ்டர், இது ரெசிஸ்டர், இது அலுமினியப் பாதை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். மெட்ராஸிலிருந்து அதே வகையில் நல்லது ஒன்றை வரவழைத்து, அதையும் ராவித் திறந்து, படம் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினோம். இரண்டும் ஒன்றேதான். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு.

"டெவலப் பண்ணும்போது தூசி விழுந்திருக்கும்க்கா" என்றேன்.

அவர் மைக்ராஸ்கோப்பில் நேராகவே பார்த்தார். நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் தோள் ஆடுவது தெரிந்தது. தம்பியின் சவப்பெட்டிக்கு முன் அழாதவர் அன்று அழுதார்.

"இது மை. இந்தப் பொட்டை வெச்சது நானா இருக்கலாம்" என்றார்.

பெங்களூரில் ஆறு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. அப்பளத்தைவிடச் சின்ன ஒரு சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான ஐ.சி.கள் கட்டம் கட்டமாக இருக்கும். வெட்டுவதற்கு முன் ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சோதிக்க வேண்டும். தேறாததன் தலையில் ஒரு துளி கறுப்பு மை. சில ஐ.சி.கள் குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும், சூடேறினால் படுத்துவிடும், அதற்கும் பொட்டுதான். பொட்டு வைத்ததை வெளியே விடக் கூடாது. புதிதாக வருகிற பெண்களுக்குத் தங்கக் கம்பி ஒட்டவும் மூடி போடவும் பழக்குவதற்கு மட்டும் அவற்றைக் கொடுப்பார்கள். பழகிய பிறகு குப்பை.

"அந்தக் குப்பைக்குப் பொறுப்பு ஒரு சூப்பர்வைசர். நம்ம ஊர்க்காரன்னு எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததும் அவன்தான். அப்புறம் வேலையை விட்டுட்டு இங்க வந்து பட்டறை போட்டான்" என்றார். "நான் ஆகாதுன்னு எடுத்து வெச்சதை எடுத்துட்டு வந்து, என் தம்பி தலைமேல மாட்டியிருக்கான்."

பங்குச் சாமி ஒருநாள் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர். மன்னித்துவிடச் சொன்னார்.

"அவன் வந்து கேட்டானா சாமி?"

"கேட்காமலேயும் மன்னிக்கலாம்மா."

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம எதையும் நான் யாருக்கும் குடுக்கிறதில்ல சாமி. இப்ப என் மன்னிப்பைத் திறந்து பார்த்தா ஒண்ணுமில்ல."

சாமி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அதன்பிறகு பூசைக்குப் போனாலும் அக்கா கடைசி வரிசையில் வாசல் பக்கம்தான் உட்காருவார்.

ஆனால் கோடு தொடர்கிற நேரத்தில் அவரைப் பார்க்க வேண்டும். கோபமெல்லாம் எங்கோ போய், முகம் தெளிந்துவிடும். எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது அந்த முகம். அப்படி ஒருநாள் கேட்டேன்: "எல்லா ஐ.சி.யையும் இப்படித் திறந்து பார்த்துட முடியுமாக்கா?"

"இப்ப முடியும். இதுல இருபது இருபத்தஞ்சு டிரான்சிஸ்டர்தான். இனிமே ஒண்ணுக்குள்ள ஆயிரக்கணக்குல அடைப்பாங்க, பாரு. கோடு மெலிஞ்சுக்கிட்டே போவும். உன் கேமராவுக்குத் தெரியாது. கொஞ்ச நாள்ல வெளிச்சத்துக்கே தெரியாது. கடிகாரம், தராசு, ஆஸ்பத்திரி மிஷின், எல்லாத்துக்குள்ளயும் இதுதான் உக்காந்திருக்கும். அப்ப திறந்து பார்க்கிறதே தனியா ஒரு படிப்பா வந்துடும். மூடுறவன் ஒரு பக்கம் படிப்பான், திறக்கிறவன் ஒரு பக்கம் படிப்பான்."

"யாரு ஜெயிப்பாங்க?"

"மூடுறவனுக்குச் சம்பளம் ஜாஸ்தி" என்றார், பென்சிலைச் சீவிக்கொண்டே. "திறக்கிறவனுக்குக் கோவம் இருந்தாத்தான் உண்டு."

படங்களை எடுத்துக்கொண்டு எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டரிடம் போனோம். அவர் பொறுமையாகப் பார்த்தார். "திறந்த பெட்டியைக் கொண்டாந்திருக்கீங்க. இந்தப் பொட்டை நீங்களே வைக்கலைன்னு நான் எப்படிம்மா எழுதறது?" என்றார். இன்ஜினியர் காதுக்கும் இது போயிற்று. தம்பி செத்ததில் அந்தப் பொம்பளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவன் பேசித் திரிந்தான்.

அக்கா பெங்களூர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டார், இனி வரவில்லை என்று. பிறகு உப்பள முதலாளிகள் சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தார். தலைவருக்குப் படங்கள் புரியவில்லை. அவருடைய அளங்களிலும் அதே பெட்டிதான் தொங்குகிறது என்பது புரிந்தது. இன்னும் பெட்டி வேண்டும், எல்லோருக்கும் வேலை செய்து காட்ட வேண்டும் என்று இன்ஜினியருக்குச் சொல்லி அனுப்பினார். இடம் தலைவரின் உப்பளம். நேரம் பகல் பன்னிரண்டு. மாதம் சித்திரை. வெயிலில் சூடேறினால் அந்த ஐ.சி. படுத்துவிடும் என்று நேரத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தவர் அக்கா.

முதலாளிகள் பத்துப்பேர், உப்பு வாருகிற ஆண்களும் பெண்களும் நாற்பது ஐம்பதுபேர் இருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். கம்பத்தில் யாரும் திறக்காத பெட்டி. படம் எடுக்க வசதியாக நான் மெயின் சுவிட்ச் இருந்த கொட்டகை ஓரம் நின்றேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் பட்டனை அமுக்கினான். 'டக்.' மோட்டார் நின்றது. தலைவர் தலையாட்டினார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அக்கா வந்தார். மோட்டாரை மறுபடி போடச் சொன்னார். காய்ந்த பலகைமேல் ஓர் அலுமினிய அன்னக்கூடை நிறைய உப்புத்தண்ணீர் வைத்து, மோட்டாருக்குப் போகிற கரண்டிலிருந்து ஒரு வயரை அதில் விட்டார். ஒரு பல்பின் ஒரு வயரைத் தண்ணீரிலும், இன்னொன்றை ஈரத்தரையில் அடித்த கம்பியிலும் கட்டினார். பல்பு எரிந்தது.

"கரண்ட் தரைக்குக் கசியுது. எல்லாரும் பார்த்துக்குங்க" என்றார். "பெட்டி இப்ப மெயினை அறுக்கணும்."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு.

"வயரை மாத்திக் குடுத்திருக்கா" என்றான் அவன்.

"அப்ப நீங்களே குடுங்க சார்."

அவனே அவிழ்த்து, அவனே கட்டினான். பல்பு எரிந்தது. மோட்டார் நிற்கவில்லை. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டி நல்லாத்தானே இருக்குது. தண்ணியில கைய வைங்க சார்" என்றார் அக்கா. குரல் ஏறவே இல்லை. "என் தம்பி வெச்சான்ல."

அவன் பின்னால் நகர்ந்தான். பின்னால் ஆள் நின்றது. யார் முதலில் பிடித்தார்கள் என்று தெரியாது. சூசையோடு வேலை பார்த்தவர்கள் நான்கைந்துபேர் அவன் தோளையும் மணிக்கட்டையும் பிடித்து அன்னக்கூடையை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். முதலாளிகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு சொல் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அவர் சொல்லவில்லை. கோடு தொடரும்போது இருக்குமே, அதே தெளிவான முகம்.

நான் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அவன் கை தண்ணீருக்குள் போனது. கரண்ட் இல்லாத தண்ணீர். அவன் அலறினான். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பெட்டியை அவன் எவ்வளவு நம்பினான் என்பது அந்தச் சத்தத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு கண்ணைத் திறந்தான். செத்துக் கிடந்த பல்பைப் பார்த்தான்.

"பார்த்தீங்களா, கட் ஆயிடுச்சு. பெட்டி வேலை செஞ்சுடுச்சு" என்றான்.

எல்லோரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். அது இன்னும் சுவிட்ச் பிடியிலேயே இருந்தது.

அந்த வாரமே எல்லா உப்பளத்திலும் பெட்டிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அவன் பட்டறையைக் காலி செய்துகொண்டு போனான். கேஸும் நடந்தது. ஆனால் கோர்ட்டில் அவன் வக்கீல் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்: கை பட்டது, கரண்ட் நின்றது, ஆக பெட்டி வேலை செய்தது. பிடித்துத் தள்ளியதற்குத் தங்கள்மேல் கேஸ் வரும் என்று பயந்து வேறு யாரும் சாட்சிக்கு வரவில்லை. சுவிட்சை இறக்கியது நான் என்று நான் மட்டும் சாட்சி சொன்னேன். அந்தம்மாவுக்கு வேண்டியவர், படமெல்லாம் எடுத்துக் கொடுத்தவர் வேறு எப்படிச் சொல்வார் என்றார் வக்கீல். சாட்சியம் போதாது என்று விட்டுவிட்டார்கள்.

கோர்ட் வாசலில் அக்கா என் முன் வந்து நின்றார். "அவன் வெச்சிருந்தா செத்திருப்பான்க்கா. உங்களையும் அவங்களையும்தான் உள்ள போட்டிருப்பாங்க" என்றேன்.

"நான் கேட்டேனா?" என்றார். நெகட்டிவ்களை வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. தெருவில் பார்த்தால், மூடிய கடையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

திண்டிவனத்தில் வேறொரு ஸ்டுடியோவில் அவர் பிரிண்ட் போட்டுக்கொள்வதாக அந்த ஸ்டுடியோக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் விழுப்புரத்தில் ரேடியோ கடை போட்டபோது, பொட்டு வைத்த ஐ.சி. படமும் சூசையின் கை படமும் கடைத்தெருவில் ஒவ்வொரு கடைக்கும் தபாலில் போயிருக்கின்றன. இரண்டு மாதத்தில் கடையை எடுத்துவிட்டான். சிதம்பரத்திலும் அப்படியே. ஷோகேஸில் இருந்த அவன் படத்தை நான் எடுக்கவில்லை. தினமும் கடை திறக்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க, அந்த சுவிட்சை இறக்கிய கைமேல் எனக்கே ஆத்திரம் வளர்ந்தது.

மறு வருஷம் கிளியனூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். பாண்டிச்சேரி வழியாகப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் ஓரத்தில் அக்கா. மடியில் ஒரு பை. என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"கடலூர்ல கடை போட்டிருக்கான்" என்றார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் வீட்டுக்குப் போக வேண்டிய திசை அது இல்லை. ஏறிக்கொண்டேன். பாண்டிச்சேரி தாண்டியதும் பையைத் திறந்து பாதிப் படங்களை என் கையில் கொடுத்தார்.

அவன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்தது. வாசலில் புது போர்டு, புதுப் பெயர். எதிர் வரிசையில் நாங்கள் இருவரும் நிற்பதைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த ரேடியோவை மெதுவாகக் கீழே வைத்தான். எழுந்து வந்து, நடுப்பகலில், உள்பக்கமாகவே ஷட்டரை இழுத்து விட்டுக்கொண்டான்.

அக்கா அந்த ஷட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பக்கத்து டீக்கடை பெஞ்சில், அந்த வாசல் நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார்.

"ரெண்டு டீ குடுப்பா" என்றார் கடைக்காரரிடம். "அவசரமில்ல. மெதுவா போடு."